நமக்குப் பிறகு யார் பார்ப்பார்கள்? மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பெற்றோர் கூட்டங்களில் இந்தப் பேச்சு வந்தால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எவ்வளவு பணம் சேர்த்து வைக்கணும்?" பணம் வேண்டும்தான். ஆனால் அம்மா திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்ட வீட்டில், மறுநாள் காலை எல்லோரும் திணறுவது பணமில்லாமல் அல்ல. ராத்திரி எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, சாப்பிட மறுத்தால் என்ன செய்வது என்பது யாருக்கும் தெரியாது. அதெல்லாம் அம்மாவின் தலைக்குள் மட்டுமே இருந்தது. அதனால் இந்தக் கட்டுரையில் பணத்தைப் பின்னால் வைத்திருக்கிறேன்.

நான் இதை ஒரு அக்காவாக எழுதுகிறேன். என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். வயது 40 தாண்டிவிட்டது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகளைத் தமிழ்நாட்டில் வளர்க்கும் குடும்பங்களை நினைத்துதான் எழுதுகிறேன். மனநோய் உள்ளவர்களுக்குச் சட்டம் வேறு. அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன். உங்களுக்கு 50 வயது ஆகிவிட்டதென்றால் இந்த வாரமே தொடங்கலாம். 70 ஆகிவிட்டதென்றால் முதல் மூன்று படிகளையாவது ஒரே மாதத்தில் முடித்துவிடப் பாருங்கள்.

படி 1: ஒரு நோட்டுப் புத்தகம்

பெரிய கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் ராத்திரி 11 மணிக்கு ஓடிவரும் பக்கத்து வீட்டுக்காரர் கையில் எடுத்துப் பார்க்கப்போவது நோட்டைத்தான்.

மருந்துகளில் தொடங்குங்கள். கடையில் கேட்கும் பெயர், அதற்குள் இருக்கும் மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். பிறகு டாக்டர்களின் பெயரும் எண்ணும், ஒவ்வாமை, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை. வலிப்பு வருமென்றால் அது எப்படி இருக்கும், வழக்கமாக எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று எழுதி, 5 நிமிடத்தைத் தாண்டினால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். டவுன் சிண்ட்ரோம் என்றால் தைராய்டு பரிசோதனை வழக்கமாகச் செய்ய வேண்டும். 40 வயதுக்கு மேல் மறதிநோய் மற்றவர்களைவிடச் சீக்கிரம் தலைகாட்டக்கூடும் என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்து வருபவர் "முன்னெல்லாம் தானே சட்டை போட்டுக்கொண்டவன் இப்போது அடம்பிடிக்கிறான்" என்று தப்புக்கணக்குப் போட்டுவிடக் கூடாது.

இவ்வளவும் ஒரு நல்ல ஆஸ்பத்திரி ஃபைலில் கிடைத்துவிடும். நோட்டுக்கு மதிப்பு வருவது அடுத்த பக்கங்களில்தான். எங்கள் வீட்டு நோட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கிறது:

"தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில். வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தால் கண்டுபிடித்துத் துப்பிவிடுவான். கையில் கொடுத்து 'நீயே போட்டுக்கோ' என்றால் போட்டுக்கொள்வான். மிக்சி போடும் முன் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் போட்டால் அன்று முழுக்கச் சமையலறைப் பக்கம் வரமாட்டான். பல் வலித்தால் சொல்லத் தெரியாது. இடது காதைத் தட்டிக்கொள்வான், சாதத்தை ஒரே பக்கமாக ஒதுக்கி மெல்லுவான். முடிவெட்ட ஞாயிற்றுக்கிழமை போகக் கூடாது, கூட்டம். புதுச் செருப்பைப் பழைய செருப்பின் பக்கத்தில் ஒரு வாரம் வைத்திருந்தால்தான் போடுவான்."

அந்தக் காது விஷயத்தைப் பாருங்கள். இது தெரியாத ஒருவர் காதை அடித்துக்கொள்ளும் 40 வயது ஆணைப் பார்த்தால் "ரொம்ப முரண்டு பிடிக்கிறார்" என்பார். அடுத்து மனநல மருத்துவர், அடுத்து தூக்க மாத்திரை. சொத்தைப் பல் அப்படியே இருக்கும். வலியை, பசியை, பயத்தை உங்கள் பிள்ளை எந்த உடல்மொழியில் காட்டுகிறார் என்பதுதான் நோட்டில் முதலில் எழுத வேண்டியது.

உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுத முயலாதீர்கள், பாதி மறந்துபோகும். சமையலறையிலோ டிவி பக்கத்திலோ நோட்டைத் திறந்து வைத்து, நடக்க நடக்க எழுதுங்கள். பகல்நேர மையத்துக்குப் போகிறவர் என்றால் அங்கிருக்கும் ஆசிரியையையும் இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். நமக்குத் தெரியாத பிள்ளை ஒன்று அங்கே இருக்கும். அப்புறம் அவரையே கேளுங்கள்: யாரோடு இருக்கப் பிடிக்கும், எந்தச் சாப்பாடு பிடிக்காது, எங்கே போக ஆசை. பேச்சு வராதவர் என்றால் படங்களைக் காட்டிக் கேட்கலாம்.

நோட்டு போதுமா என்று பார்க்க நல்ல சோதனை ஒன்று உண்டு. நோட்டை நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிட்டு ஒருநாள் முழுக்க வெளியே போய்விடுங்கள். அவர் போன் செய்து கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் நோட்டில் விட்டுப்போனது.

படி 2: காகிதங்கள்

இதில் யோசிக்க அதிகமில்லை, செய்து முடிக்க வேண்டியதுதான். மத்திய அரசின் தனித்துவ அடையாள அட்டை, அதாவது யுடிஐடி, கையில் இருக்கிறதா? அதில் குறைபாட்டின் வகையும் சதவீதமும் சரியாக இருக்கின்றனவா? காலாவதித் தேதி போட்டிருக்கிறதா? பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம்தான் வாசல்படி. ஆதாரில் கைரேகை விழாதவர்களுக்குக் கருவிழிப் பதிவாவது புதுப்பித்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மாதப் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. 2023 ஜனவரி முதல் அது 2,000 ரூபாய். வாங்கவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. சேர முன்பரிசோதனை கிடையாது, வெளிநோயாளிச் செலவுக்கும் உண்டு. ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: பிள்ளையின் ஆதார், வங்கிக் கணக்கு, யுடிஐடி எல்லாம் அப்பாவின் செல்போன் எண்ணோடுதான் இணைந்திருக்கும். அப்பா போன பிறகு ரீசார்ஜ் செய்யாமல் சிம் செத்துவிட்டால் ஒரு ஓடிபி கூட வராது. பிள்ளை பெயரிலேயே தனி எண் ஒன்று வாங்கி இணைத்துவிடுங்கள். அந்த போன் யாரிடம் இருக்கிறது என்பதை நோட்டில் எழுதுங்கள்.

படி 3: சட்டப்பூர்வ பாதுகாவலர்

18 வயது முடிந்த அன்றே, சட்டத்தின் கண்ணில் நீங்கள் பிள்ளையின் பாதுகாவலர் இல்லை. பெரும்பாலான பெற்றோருக்கு இது வங்கியிலோ பத்திரப்பதிவு அலுவலகத்திலோ நிற்கும்போதுதான் தெரியவருகிறது. "நான்தாங்க பெத்தவ" என்றால் கவுண்டரில் இருப்பவர் என்ன செய்வார், பாவம்.

இதற்கு வழி 1999-ம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில் இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் இது பொருந்தும். டவுன் சிண்ட்ரோம் அறிவுசார் குறைபாட்டில் அடங்கிவிடும். ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர் அளவிலான குழு ஒன்று உண்டு. ஆட்சியர் நிலை அதிகாரி, பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என மூன்று பேர். பாதுகாவலரை நியமிப்பது இந்தக் குழு. கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை, வக்கீல் கட்டாயமில்லை.

விண்ணப்பத்தை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்துக் கொடுங்கள். பிள்ளையின் யுடிஐடி, ஆதார், வயதுச் சான்று, புகைப்படங்கள், பாதுகாவலராக வருபவரின் சம்மதம், அடையாளச் சான்றுகள் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை என்ற கடிதத்தையும் சேர்த்து வைப்பது அலைச்சலைக் குறைக்கும். குழு பிள்ளையை நேரில் பார்க்கக் கேட்கலாம். கலெக்டர் அலுவலகத்தில் எத்தனை மணிக்கு அழைப்பார்கள் என்று சொல்ல முடியாது, அதனால் தண்ணீர், தின்பண்டம், அவருக்குப் பிடித்த பொருள் ஒன்று என்று கையோடு கொண்டுபோங்கள். சக்கர நாற்காலி என்றால் குழு கூடும் அறை எந்த மாடியில் என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.

பெற்றோர் இருவருமோ ஒருவரோ, உடன்பிறந்தவர், உறவினர், பதிவுபெற்ற நிறுவனம் என யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். இரண்டு விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பாதுகாவலர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மூத்த மகன் எவ்வளவு பாசமானவராக இருந்தாலும் இந்த இடத்துக்கு வர முடியாது. பெண் பிள்ளைக்குத் தனி ஆண் ஒருவரைப் பாதுகாவலராக ஏற்பதில்லை. மனைவியோடு சேர்ந்துதான் வரலாம்.

பொறுப்பேற்றவர் ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு. பாதுகாவலர் கொடுமைப்படுத்தினாலோ சொத்தைக் கையாடினாலோ அவரை நீக்கவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு. குழு தரும் பாதுகாவலர் சான்றிதழைக் கொண்டுபோனால் வங்கிக் கணக்கு தொடங்கலாம், ரிசர்வ் வங்கி 2007-லேயே வங்கிகளுக்கு இதைச் சொல்லிவிட்டது. கிளையில் "எங்களுக்குத் தெரியாது" என்றால் அந்தச் சுற்றறிக்கையின் நகலை நீட்டுங்கள்.

உயிலில் "எங்களுக்குப் பிறகு இன்னார் பாதுகாவலர்" என்று எழுதிவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. அது உங்கள் விருப்பம், நியமிப்பது குழுதான். அதனால் உங்களுக்குக் கை கால் நடமாட்டம் இருக்கும்போதே அடுத்த தலைமுறையில் ஒருவருக்கு அந்தப் பொறுப்பை மாற்றிக் கொடுத்துவிடுவது என் கணக்கில் மிக நல்லது. தவறு நடந்தால் திருத்த நீங்கள் இருப்பீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும்: எல்லோருக்கும் முழுப் பாதுகாவலர் தேவையில்லை. கணக்குப் பார்க்கத் தெரிந்த, தன் விருப்பத்தைச் சொல்லத் தெரிந்த ஒருவருக்கு, முடிவெடுக்கத் துணை மட்டும் போதும். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட முடிவுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும் மட்டுமான வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறையைத்தான் முன்வைக்கிறது. மனநோய் உள்ளவர்களுக்கு நேஷனல் டிரஸ்ட் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி தெளிவாக இருக்கும் காலத்திலேயே, தனக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று அவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம், தன் பிரதிநிதியையும் தானே நியமிக்கலாம்.

படி 4: ஆட்கள்

"தம்பி பார்த்துக்குவான்" என்ற வாக்கியம் எத்தனையோ வீடுகளில் திட்டமாக நடமாடுகிறது. தம்பியிடம் கேட்டீர்களா? தம்பி மனைவியிடம்? நாள் முழுக்க வீட்டில் இருந்து பார்க்கப்போவது பெரும்பாலும் அந்தப் பெண்தான், அவரைப் பேச்சிலேயே சேர்க்காமல் முடிவு எடுப்பது நியாயமும் இல்லை, நடைமுறைக்கும் ஒத்துவராது. கல்யாணப் பேச்சின்போது மறைத்து, பிறகு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்ட இடங்களில் அந்தக் கசப்பு கடைசியில் மாற்றுத்திறனாளியின் தலையில்தான் விடிகிறது.

உடன்பிறந்தவர்களை ஒருநாள் உட்கார வைத்துப் பேசுங்கள். "பார்த்துக்குவியா?" என்று கேட்காதீர்கள், அம்மா கேட்டால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? வேலைகளைப் பிரித்துக் கேளுங்கள். யார் வீட்டில் தங்குவது? யார் மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பது? யார் கணக்குப் பார்ப்பது? யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது? இப்படிக் கேட்டால் சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கும் செய்ய ஒரு வேலை கிடைக்கும், ஊரில் இருக்கும் மகன் ஒருவனே சுமக்க வேண்டியதில்லை. "தங்க வைக்க முடியாது, ஆனால் பணத்தைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் கோபப்படாதீர்கள். பொய்யான ஆமாவைவிட உண்மையான இல்லை உங்களுக்கு அதிகம் உதவும்.

பணத்தைக் கையாள்பவரும் கூட வாழ்பவரும் ஒரே ஆளாக இல்லாமல் பார்த்துக்கொள்வது என் உறுதியான கருத்து. இருவரில் ஒருவர் தவறினால் மற்றவர் கண்ணில் படும். உறவுக்கு வெளியே ஒருவரையாவது சேருங்கள்: பழைய ஆசிரியை, குடும்ப நண்பர், இன்னொரு மாற்றுத்திறனாளியின் பெற்றோர். ஒரே குழந்தை உள்ள வீடுகளுக்கு இந்த வெளியாட்கள்தான் எல்லாமே. அதனால்தான் பெற்றோர் சங்கங்களில் சேரச் சொல்கிறேன். கூட்டத்தில் பேசப்படும் தகவலைவிட, டீ குடிக்கும்போது கிடைக்கும் ஆட்கள் முக்கியம்.

படி 5: எங்கே வாழ்வது

உடன்பிறந்தவர் வீடு, சொந்த வீட்டிலேயே வேலைக்கு ஆள் வைத்து வாழ்வது, நான்கைந்து பேர் சேர்ந்து வாழும் குழு இல்லம், பெரிய விடுதி என்று வழிகள் சில உண்டு. நேஷனல் டிரஸ்ட் கரோண்டா என்ற பெயரில் வயது வந்தவர்களுக்கான இல்லங்களுக்கும், சமர்த் என்ற பெயரில் தற்காலிகத் தங்கலுக்கும் உதவுகிறது. உங்கள் மாவட்டத்தில் அப்படி நடத்தும் பதிவுபெற்ற நிறுவனம் எது என்று அதன் இணையதளத்தில் பார்க்கலாம். சென்னை முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மதிப்பீடு, பயிற்சி, ஆலோசனைக்கு அங்கே போகலாம். நீண்ட காலமாக மனநோயோடு வாழ்பவர்களுக்காகச் சென்னையின் பான்யன் அமைப்பு நடத்தும் 'ஹோம் அகெய்ன்' சாதாரணத் தெருவில், வாடகை வீட்டில், சிலர் சேர்ந்து ஒரு துணையாளரோடு வாழும் முறை. விடுதி என்றாலே நீளமான ஹாலும் வரிசைக் கட்டிலும்தான் என்று நினைப்பவர்கள் இப்படிப்பட்ட ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

இல்லம் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். முதல் முறை சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டாவது முறை சொல்லாமல், சாப்பாட்டு நேரத்தில் போங்கள். ஆபீஸ் அறையில் உட்கார வைத்து ஆல்பம் காட்டினால் பார்த்துவிட்டு, கழிவறையைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா, சோப்பு இருக்கிறதா, ஈரமாக வழுக்குகிறதா? துணிகள் ஆளுக்குத் தனியா, எல்லோருக்கும் பொதுவா? ராத்திரி எத்தனை பணியாளர்கள் இருக்கிறார்கள்? பெண்கள் பகுதியில் இரவில் யார்? காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவார், செலவு யாருடையது? சாயங்காலம் 4 மணிக்கு அங்கே இருப்பவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் தினமும் அப்படித்தான்.

காகிதத்தில் கேட்க வேண்டியவையும் உண்டு. 2016 சட்டப்படி பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா, மனநோய் இல்லம் என்றால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். லட்சக்கணக்கில் டெபாசிட் கேட்கும் இடங்களில், "வேண்டாம் என்று கூட்டிப்போனால் எவ்வளவு திரும்பும்? எத்தனை நாளில்?" என்பதை எழுத்தில் வாங்குங்கள். "எந்தச் சூழ்நிலையில் நீங்கள் அவரை வெளியே அனுப்புவீர்கள்?" என்ற கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். வலிப்பு அதிகமானால், படுக்கையில் விழுந்துவிட்டால், கோபம் வந்தால் அனுப்பிவிடுவோம் என்று சொல்லும் இடத்தை வாழ்நாள் இல்லம் என்று கணக்கில் எடுக்க முடியாது.

இடம் எதுவானாலும் பழக்க வேண்டும். அம்மாவும் போய், வீடும் மாறி, படுக்கையும் மாறி, எல்லாம் ஒரே வாரத்தில் நடந்தால் யாராக இருந்தாலும் உடைந்துபோவார்கள். முதலில் பகலில் சில மணி நேரம், பிறகு ஒரு ராத்திரி, பிறகு வாரக்கடைசி, பிறகு பத்து நாள். வீட்டிலேயே தங்கப்போகிறவர் என்றாலும் இதைச் செய்யுங்கள். சித்தி வந்து தங்கட்டும், நீங்கள் வெளியூர் போங்கள். முதல் ராத்திரி போனை அருகிலேயே வைத்துக்கொண்டு விழித்திருப்பீர்கள், அது சகஜம். பிள்ளை அழுதால் திட்டம் தோற்றது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிலருக்கு ஒரு வருஷம் கூட ஆகும். அதே சமயம் திரும்பி வந்ததும் உடம்பைப் பாருங்கள், பேச்சைக் கேளுங்கள், தூக்கம் எப்படி என்று கவனியுங்கள். குறிப்பிட்ட ஒரு ஆளைக் கண்டால் மட்டும் ஒடுங்கினால் அதைப் பழக்கக் குறை என்று தள்ளிவிடக் கூடாது.

படி 6: பணம், சொத்து

முதலில் ஒரு மாதச் செலவை எழுதுங்கள். இன்றைக்கு மாதம் 25,000 ரூபாய் ஆகிறது, விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால் ஏறக்குறைய 12 வருஷத்தில் 50,000, 24 வருஷத்தில் ஒரு லட்சம். பயப்படுத்தச் சொல்லவில்லை, "வங்கியில் 10 லட்சம் போட்டிருக்கிறேன், வட்டி வரும்" என்ற கணக்கு எங்கே உதைக்கும் என்று காட்டத்தான்.

அரசு ஊழியராகவோ ஓய்வூதியராகவோ இருந்தால் உங்களுக்குக் கிடைக்கும் மிகப்பெரிய சொத்து குடும்ப ஓய்வூதியம். சம்பாதித்து வாழ முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு அது வாழ்நாள் முழுக்க உண்டு; மத்திய அரசிலும் உண்டு, மாநில அரசிலும் உண்டு. ஆனால் பெற்றோர் இருவரும் போன பிறகு புதிதாக விண்ணப்பிப்பது பெரும்பாடு. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், அப்பா பணிக்காலத்திலேயே மகளின் குறைபாட்டைப் பதிவு செய்யவில்லை; பெற்றோர் இறந்த பிறகு அக்கா ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி, 30 வருஷத்துக்கு முந்தைய மருத்துவச் சீட்டுகளைத் தேட வேண்டியிருந்தது. நீங்கள் இருக்கும்போதே ஓய்வூதிய ஆணையில் பிள்ளையின் பெயரைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள், யார் மூலம் பணம் வழங்க வேண்டும் என்பதையும் குறிப்பிடுங்கள். தனியார் வேலையில் பிஎஃப் கட்டியவர்களுக்கும் வழி உண்டு: 1995 ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் நிரந்தரமாக முழுக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு வயது வரம்பில்லாமல் ஓய்வூதியம் உண்டு.

அடுத்து உயில். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குச் சொத்தில் பங்கு கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் நோயோ உடல் குறையோ பங்கைப் பறிக்காது, மற்ற பிள்ளைகளுக்கு உள்ள அதே பங்குதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: பங்கு கிடைத்தாலும் அதை அவரால் நிர்வகிக்க முடியாது, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிக்கொள்ளவும் ஆட்கள் இருப்பார்கள். அதனால் எழுதி வைப்பதுதான் நல்லது. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்து பெறுபவரைச் சாட்சியாக்காதீர்கள். பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். முஸ்லிம் குடும்பங்களில் பொதுவாக உயில் மூலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது, வாரிசுக்கு எழுத மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும் என்பதால், வாழும்போதே செய்யும் ஏற்பாடுகளைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள்.

"வீட்டை அண்ணன் பேருக்கு எழுதிவிடுகிறேன், அவன் பார்த்துக்குவான்" என்று செட்டில்மென்ட் பத்திரம் எழுதும் முன் பத்து முறை யோசியுங்கள். பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைக்குக் கொடுத்த சொத்தைத் திரும்ப வாங்க 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் வழி இருப்பது உண்மைதான். ஆனால் அது மூத்த குடிமக்களான உங்களுக்காக இருக்கும் சட்டம். உங்களுக்குப் பிறகு உங்கள் மகளுக்காக யார் போய் நிற்பார்கள்? சின்னச் சொத்து என்றால் மகளுக்கு அந்த வீட்டில் வாழ்நாள் வசிப்புரிமை என்று உயிலில் தெளிவாக எழுதினாலே பெரும் பாதுகாப்பு.

சொத்தும் சேமிப்பும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் பிள்ளைக்காகத் தனி டிரஸ்ட் (அறக்கட்டளை) ஒன்றை 1882-ம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டப்படி அமைக்கலாம். இப்போது ஒரு சின்னத் தொகையில் தொடங்கி, உங்கள் காலத்துக்குப் பிறகு உயில் மூலம் மீதி அதில் போய்ச் சேரும்படி செய்யலாம். டிரஸ்டிகள் இரண்டு மூன்று பேர் இருக்கட்டும், ஒருவர் விலகினால் அடுத்தவர் யார் என்பதும் பத்திரத்தில் இருக்கட்டும். பணத்தை எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்று எழுதும்போது மருந்து, சாப்பாடு என்று நிறுத்திவிடாதீர்கள். வருஷம் ஒரு ஊர்ப்பயணம், ஹெட்போன், மாதம் ஒரு பிரியாணி எல்லாம் இருக்கட்டும். எழுதாததை "அனாவசியம்" என்று யாரோ ஒருநாள் சொல்வார். எல்லாவற்றையும்விட, பிள்ளைக்குப் பிறகு மீதிப் பணம் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். அது அண்ணன் குடும்பத்துக்கு என்று எழுதி, அதே அண்ணனை ஒரே டிரஸ்டியாக வைத்தால், தம்பிக்குச் செலவழிக்காத ஒவ்வொரு ரூபாயும் அவர் கணக்கில் லாபம். நல்ல மனிதரைக்கூட அந்த நிலையில் நிறுத்தக் கூடாது. டிரஸ்ட்டுக்கு வரி எப்படி விழும் என்பது பத்திரம் எழுதப்படும் விதத்தைப் பொறுத்தது. கையெழுத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

நாமினி விஷயம் சின்னது, ஆனால் கெடுதல் பெரிது. வங்கி டெபாசிட்டில் நாமினி சொத்துக்காரர் அல்ல, பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பவர் மட்டுமே. கணக்கை இயக்க முடியாத பிள்ளையை நாமினியாகப் போட்டு, பாதுகாவலரும் இல்லை என்றால் பணம் வருஷக்கணக்கில் முடங்கும். உயிலில் ஒரு பெயர், டெபாசிட்டில் வேறொரு பெயர் என்றும் இருக்க வேண்டாம்.

படி 7: அவசரத் தாளும் முதல் மாதமும்

நோட்டின் முதல் பக்கத்தைக் கிழித்து எடுக்கக்கூடிய ஒரே தாளாக்கி, பிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள். பெயர், ரத்த வகை, இன்றிரவு கொடுக்க வேண்டிய மருந்து, உடனே கூப்பிட வேண்டிய மூன்று பேர், சாவி யாரிடம், நோட்டும் ஆவணக் கோப்பும் எங்கே, அவ்வளவுதான். அதே தாளின் போட்டோ அந்த மூன்று பேர் போனிலும் இருக்கட்டும். தந்தையும் மகனும் மட்டும் தனியாக இருக்கும் வீடுகளில், தினமும் காலை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் யாராவது ஒருவர் போன் செய்து கேட்கும் ஏற்பாடு கண்டிப்பாக வேண்டும்.

இறப்பை எப்படிச் சொல்வது என்று கேட்பார்கள். "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லாதீர்கள். வாசலையே பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று எளிய வார்த்தையில் சொல்லி, முடிந்தவரை கடைசியாகப் பார்க்க விடுங்கள், சடங்கிலும் உட்கார வையுங்கள். துக்கம் ஆறு மாதம் கழித்து வெளிவரலாம், கோபமாகவோ சாப்பாட்டு மறுப்பாகவோ வரலாம். அதை நோட்டிலேயே எழுதி வைத்துவிட்டால் அடுத்து பார்ப்பவர் பதறமாட்டார்.

பொறுப்பேற்பவர் முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை: இறப்புச் சான்றிதழ் குறைந்தது பத்து நகல், குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம், உள்ளூர் அளவிலான குழுவுக்குப் புதிய பாதுகாவலர் விண்ணப்பம், உதவித்தொகை வரும் கணக்கு ஓடுகிறதா என்ற சரிபார்ப்பு, நிராமயா புதுப்பிப்புத் தேதி, ரேஷன் கார்டில் பெயர். இந்தப் பட்டியலையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டுங்கள். வீட்டில் துக்கம் கேட்க ஆட்கள் வந்துகொண்டிருந்தாலும், பகல்நேர மையத்துக்குப் போகிறவர் என்றால் அவர் கேட்கிற அன்றே அனுப்பிவிடுங்கள். அந்த வேனும் அந்த டிபன் பாக்ஸும் மட்டும்தான் அப்போது அவருக்கு மாறாமல் இருப்பவை.